ஓட்டம் நின்ற முப்பத்தெட்டு மணி நேரம்

மைக்ராஸ்கோப்புக்குக் கீழே மிச்சம் இருந்ததைப் பார்க்கப் பார்க்க ஆவுடைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தொரு நாள் கண்ணுக்குள் வைத்து வளர்த்த செல்கள். புதன்கிழமை சாயந்திரம் வரைக்கும் மேலே ஓடும் திரவத்தின் போக்கிலேயே உடம்பை நீட்டி, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, அத்தனையும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தவை, இன்று வெள்ளிக்கிழமை காலையில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, வீங்கி, ஓரம் கிழிந்து கிடந்தன. பாதிக்குமேல் உருண்டு போய் கண்ணாடியை விட்டே கிளம்பிவிட்டன. மனுஷ உடம்பில் இரத்தக் குழாயின் உட்புறம் முழுக்க ஒரே ஒரு வரிசைச் செல்கள் தரை விரித்தாற்போல் ஒட்டியிருக்கின்றன. இரத்தம் அவற்றின் மேல்தான் ஓடுகிறது. அந்தச் செல்களைத் தகட்டில் வளர்த்து, இருதயத்துக்குப் பதிலாக ஒரு பம்ப்பை வைத்து, இரத்தத்துக்குப் பதிலாக இளஞ்சிவப்பு ஊட்டக் கரைசலை இரவும் பகலும் அவற்றின் மேல் ஓட விட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய ஐந்து வருஷ ஆராய்ச்சி. அந்தப் பம்ப்பை எவனோ நிறுத்தியிருக்கிறான். எவனோ என்ன எவனோ, லேப் அட்டெண்டர் நயினார்தான். புதன்கிழமை ஆயுத பூஜை, வியாழக்கிழமை விஜயதசமி விடுமுறை, முப்பத்தெட்டு மணி நேரம் ஓட்டம் இல்லாமல் கிடந்திருக்கின்றன. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தபோதே அந்தக் கடகட சத்தம் இல்லை. ஓடிப்போய்ப் பம்ப்பின் சுவிட்சைத் தட்டினாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. அதையும் எரிச்சலோடு வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். ஒரேயடியாக வேகத்தைக் கூட்டினால் மிச்சம் இருப்பதும் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு புள்ளி கூட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். மணி ஒன்பது பத்து. பத்தரைக்கு அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஹெப்சிபா மேடம் வருவார்.

காலையில் கேட்டதற்கு, 'நான் தொடலம்மா' என்றான். அதைத்தான் நயினார் சொன்னான். ஒரே ஒரு தரம். அதற்குப் பிறகு ஐஸ் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றுகொண்டான். அவன் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நிற்கிறானே, கல்லு மாதிரி. எட்டேகால் மணிக்கு வராந்தாவில் எல்லாரும் வரும் நேரம். டைப்பிஸ்ட் சரோஜினி சாப்பாட்டுப் பையோடு நின்றாள், பக்கத்து லேப் பிள்ளைகள் மூன்று பேர், மாடிப்படி அடியில் வாட்ச்மேன். அத்தனை பேருக்கும் கேட்கத்தான் கத்தினாள். 'ஓய்வு குடுத்தீங்களாக்கும். மெஷினுக்கு ஓய்வு. உங்க பூஜைக்கு என் அஞ்சு வருஷத்தைக் காவு குடுத்துட்டீங்கல்லா' என்று கத்தினாள். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. ஐந்து வருஷமாக அண்ணாச்சி, அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், மேடத்துக்குப் போன் போட்டபோதும் நயினார் என்று மொட்டையாகத்தான் சொன்னாள். 'நயினார் பம்ப்பை நிறுத்திட்டுப் போயிட்டான் மேடம்.' மேடம் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டார். அப்புறம், 'நீ வேலையப் பாரு. அந்த ஆள நான் பாத்துக்கிடுதேன். அவனுக்கு இந்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்லா, அத எழுதாம விட்டாப் போதும். உன் மேல தப்பு இல்லைன்னா கமிட்டியில பேசி ஆறு மாசம் கூட வாங்கித் தாரேன்' என்றார். பதினோரு வருஷமாக ஒப்பந்தத்தில் ஓடுகிற ஆள். இருக்கட்டும். அவள் நெஞ்சு வேகிறதே, அதற்கு யார் கணக்குச் சொல்வது. ஆறு மாசம் கிடைத்தால் மறுபடி முதலிலிருந்து வளர்த்துவிடலாம். கிடைக்காவிட்டால் மார்ச்சோடு உதவித்தொகை நின்று, அரைகுறை ஆய்வோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் தப்பு அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும், அவனுடையதுதான்.

ஒரு புள்ளி கூட்டினாள். கடகட சத்தம் கொஞ்சம் நெருங்கி வந்தது. செல்கள் அசையவில்லை. அசையாது என்று அவளுக்கே தெரியும், ஒரு நாளாவது முழுசாக ஓட வேண்டும், அதற்கப்புறம்தான் திரும்பிப் படுக்கும், அதுவும் உயிர் இருந்தால். தெரிந்தும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் என்ன ஆயுத பூஜை வேண்டிக் கிடக்கிறது. கிருமி நுழையக் கூடாது என்று செருப்பைக் கழற்றி, கையுறை போட்டு, ஸ்பிரிட் அடித்து உள்ளே வருகிற அறை. அதற்குள் சந்தனக் கிண்ணம். வருஷா வருஷம் நயினார்தான் முன்னால் நின்று நடத்துவான். வெளி லேபில் ஒவ்வொரு மெஷினாகத் துடைத்து, உச்சியில் மூன்று விரலால் ஒரு இழுப்பு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, கடைசியில் சுவரில் சுவிட்சை அணைத்துக்கொண்டே வருவான். 'இன்னைக்கு ராத்திரி எல்லாத்துக்கும் ஓய்வு. வருஷம் பூரா நமக்காகச் சுத்துது, ஒரு ராத்திரி ஒறங்கட்டும்.' பக்தியாம். மேடமே கை கூப்பிக்கொண்டு நிற்பார், சர்ச்சுக்குப் போகிறவர், சுண்டலும் வாங்கிக்கொள்வார். இந்தப் புதன்கிழமையும் அவன் உள் அறை வாசலில் நின்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினான். அது ஞாபகம் இருக்கிறது. 'உள்ள நீங்களே வச்சிருங்கம்மா, நான் வரல.' வாங்கிக்கொண்டாள். இன்குபேட்டர் கதவில் வைத்தாள். காற்று வடிகட்டும் பெட்டியின் கண்ணாடியில் வைத்தாள். மைக்ராஸ்கோப்பின் கழுத்தில் வைத்தாள், இதோ இங்கேதான், இன்னும் இருக்கிறது, காய்ந்து ஓரம் சுருண்டு. அப்புறம் போன் வந்தது. போன் வந்தது, ஓடினாள். அதற்கப்புறம் ராத்திரி பூட்டுகிறபோது அவன் உள்ளே வந்திருக்கிறான், இன்னொரு சாவி அவனிடம்தான் இருக்கிறது, ஓய்வு என்று நிறுத்தியிருக்கிறான். வேறு எப்படி நடக்கும்.

போன் வந்ததை நினைத்தால் நயினார் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி அப்பா மேல் போய் விழுந்தது. அம்மாதான் பேசினாள். 'ஏட்டி, அப்பாக்கு நெஞ்சுல என்னமோ செய்யுதுங்காவ. வேர்க்கு. வேகமா வா.' சந்தனம் ஒட்டிய கையோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்திலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் எப்படிப் போனாள் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. வழியெல்லாம் வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள், நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய், அதில் வழுக்கி விழப் பார்த்தாள். வீட்டில் அப்பா அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய், மார்பு முழுக்க ஒயரை ஒட்டி, தாள் தாளாக எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த டாக்டர் பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டது, என்ன சாப்பிட்டீங்க என்று. பருப்பு வடை. ஏழு. பூஜைக்குப் போட்ட வடையில் அம்மா திரும்புகிற நேரத்தில் ஏழு வடை. வாயுவுக்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏழு வடை ஒரு பக்கம், இருபத்தொரு நாள் ஒரு பக்கம். வியாழக்கிழமை முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை, லேபுக்கும் வரவில்லை. வந்திருக்கலாம். விடுமுறையிலும் வந்து ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிறவள்தான். வீம்புக்குப் படுத்துக் கிடந்தாள். அவர் செத்துவிடுவாரோ என்று பயந்த பயத்துக்கு யாரையாவது பழிவாங்க வேண்டியிருந்தது, படுத்துக் கிடந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி அவருக்கு நெஞ்சுவலி நிஜமாகவே வந்தபோது அவள்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். திரையில் அப்பாவின் இருதயக் குழாய், மருந்து பாய்ந்ததும் கிளை கிளையாகக் கறுப்பாக விரிந்தது. முதல் பெரிய கிளை இரண்டாகப் பிரிகிற முக்கில், அவள் எந்த இடத்தைப் பார்ப்போமோ என்று பயந்தாளோ அதே இடத்தில், கறுப்பு மெலிந்து நூலாகியிருந்தது. ஆய்வேட்டில் அவள் வரைந்து வைத்திருந்த படத்தை எடுத்து அப்படியே அப்பாவுக்குள் போட்டாற்போல இருந்தது. நேராக ஓடுகிற இடத்தில் நோய் வருவது குறைவு. இரத்தம் நேராக இழுத்துக்கொண்டு ஓடினால் அந்தச் செல்கள் அதன் போக்கை உணர்ந்து, நீண்டு படுத்து, வழவழவென்று இருக்கும். எதையும் ஒட்ட விடாது, உள்ளே போக விடாது. வளைவிலும் கிளை பிரிகிற முக்கிலும் ஓட்டம் தடுமாறும். முன்னுக்கு வரும், பின்னுக்குப் போகும், சுழிக்கும், தேங்கும். அங்கே உட்கார்ந்திருக்கிற செல்லுக்கு எந்தப் பக்கம் படுப்பது என்றே தெரியாது. திசை தெரியாததற்கு எரிச்சல் வரும். எரிச்சல் என்றுதான் அவள் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள், ஆய்வேட்டில் அப்படி எழுத முடியாது. வீங்கும், இடுக்கு விடும், அந்த இடுக்கு வழியே கொழுப்பு கீழே இறங்கும், வெள்ளை அணுக்கள் வந்து ஒட்டும், வருஷக்கணக்கில் மேடாகும். கொழுப்பு உடம்பு பூராவும்தான் சுற்றுகிறது. அது எங்கே இறங்குவது என்று வழி விடுவது இந்த ஒற்றை வரிசைதான். இதை அவள் அப்பாவிடம் தாளில் படம் போட்டே சொன்னாள். நடந்தால் இரத்தம் வேகமாக ஓடும், ஓடினால் அந்தச் செல்களுக்குத் தெம்பு வரும், அரை மணி நேரம் நடங்கப்பா. கேட்டுவிட்டு அவர் சொன்னது, 'முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியாச்சுட்டி. இனிமேயாவது உக்காந்துக்கிடுதேன்.' ஓட்டினபோதும் உட்கார்ந்துதானே இருந்தீர்கள். பஸ்தான் ஓடியது, நீங்கள் எங்கே ஓடினீர்கள். அதைக் கேட்டேவிட்டாள். மனுஷன் சிரித்தார்.  உலகத்தில் எந்த ஆராய்ச்சி மாணவிக்காவது தன் ஆய்வுக்கு எதிர்க்கட்சியாகத் தன் அப்பனே வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாரா.

போன் அதிர்ந்தது. அம்மா. எடுக்க வேண்டாம் என்று நினைத்து எடுத்தாள். 'ஏட்டி, சாப்பிடாம போயிட்டியே. அப்பா கேக்காவ.' 'அவரு சாப்பிட்டாருல்லா, போதும்.' 'ஏன் இப்படிப் பேசுத. நேத்துலருந்து அவாளும் ஒண்ணும் வாயில வைக்கல. காலைல தெருமுக்கு வரைக்கும் நடந்துட்டு வந்தாவ.' 'எதுக்கு.' 'உனக்குக் கோவம்லா.'  ஆவுடை, 'நடக்கதுன்னா அவருக்காக நடக்கச் சொல்லு. என் கோவத்துக்கு ஒண்ணும் நடக்க வேண்டாம்' என்று வைத்துவிட்டாள். தெருமுக்கு வரைக்கும். இருநூறு அடி. அதை ஒரு சாதனையாகப் போன் போட்டுச் சொல்கிறார்கள்.

ஒரு புள்ளி கூட்டினாள். ஒன்பது ஐம்பது. பம்ப்பின் ஒயர் மேசை ஓரமாகச் சுவருக்குப் போகிறது, அவள் கண்ணும் சும்மா அதன் பின்னாலேயே போயிற்று. சுவரில் சுவிட்ச் சிவப்பாக எரிகிறது. எரிகிறது சரி. காலையில் அதை அவள் போடவில்லையே. காலையில் வந்தபோதே எரிந்துகொண்டிருந்தது. நயினார் எதையும் சுவரில்தான் அணைப்பான். அவள் சேர்ந்த முதல் வருஷம், எதையோ துடைக்கும்போது கை பட்டு ஒரு மெஷினின் எண்கள் மாறிப்போய், மேடம் அவனை ஒரு மணி நேரம் நிற்க வைத்துத் திட்டினார். அன்றிலிருந்து மெஷினில் இருக்கிற எந்தப் பொத்தானிலும் அவன் விரல் படாது, சுவரோடு நிறுத்திக்கொள்வான். புதன்கிழமையும் வெளி லேபில் வரிசையாகச் சுவரில்தானே அணைத்தான். சரி, இங்கே மட்டும் பம்ப்பிலேயே அணைத்திருப்பான். ஓய்வு கொடுக்கிற அவசரத்தில் அணைத்திருப்பான். மனுஷன் எப்போதும் ஒரே மாதிரியா இருக்கிறான். மறுபடி கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். எண்ண வேண்டும், ஒரு வட்டத்துக்குள் எத்தனை மிச்சம் என்று எண்ணி எழுத வேண்டும். பதினேழு வரைக்கும் எண்ணினாள். சுவரில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

இந்தச் செல்களைக் கொண்டுவந்ததே அவன்தான். அதை நினைக்க வேண்டாம் என்று பார்த்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. பிரசவ ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் வெட்டிப் போடுகிற தொப்புள்கொடியைத் தாயிடம் கேட்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, மூன்று மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்து சேர வேண்டும். அந்தக் கொடியின் இரத்தக் குழாயிலிருந்துதான் இவள் செல்களைப் பிரித்து எடுப்பாள். தாய்மாரிடம் எப்படிக் கேட்பானோ, நர்சுகளே ஆச்சரியப்படுவார்கள். 'எதுக்குண்ணே இது' என்று கேட்கிற பெண்ணிடம், 'ஒம் புள்ள கொடிய வச்சு நாலு பேரு நெஞ்சுவலி எதுனால வருதுன்னு கண்டுபிடிக்கப் போறாவம்மா' என்பானாம். பெட்டியைக் கொடுக்கும்போது பிள்ளையின் விவரமும் சேர்ந்துதான் வரும். பொம்பளப் புள்ள, ரெண்டு கிலோ எழுநூறு, நல்ல மயிரு. இந்தத் தகட்டில் இருக்கிறது அந்தப் பொம்பளப் புள்ளதான். தினமும் சாயந்திரம் வீட்டுக்குப் போகும்முன் உள் அறை வாசலில் நின்று, செருப்போடு வரக் கூடாது என்பதால் தலையை மட்டும் நீட்டி, 'ஓடுதாம்மா' என்று கேட்டுவிட்டுத்தான் போவான். ஓடுதாம்மா. இருபத்தொரு நாளும் கேட்டான். இருபது நாள். புதன்கிழமை அவள்தான் போன் வந்ததும் ஓடிவிட்டாளே, யாரிடம் கேட்டிருப்பான். அப்படிக் கேட்கிறவன் நிறுத்துவானா. நிறுத்துவானா என்று கேட்டதுமே ஆத்திரம் இன்னும் அதிகமாக வந்தது, அவனைத் திட்டித் தீர்த்த வாய் அப்படியே திறந்தபடி நின்றுபோனாற்போல. நிறுத்தாவிட்டால் பின்னே யார் நிறுத்தினது. பேயா வந்து நிறுத்தியது.

கோட்டில் ஒரு மஞ்சள் தீற்றல். காலையில் துடைத்தது. சந்தனம். பம்ப்பின் சுவிட்சில் சந்தனம். நயினார் உச்சியில்தான் வைப்பான், எல்லா மெஷினுக்கும் நெற்றி மாதிரி உச்சியில். சுவிட்சில் யார் வைப்பார்கள். கண்ணை மூடினாள். மூடியதும் டீசல் வாடை வந்தது. பஸ் டெப்போ, ஆயுத பூஜை, ஏழு வயசு. கண்ணாடி முழுக்கக் கலர்த்தாள், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, டிரைவர் சீட்டில் அப்பா, அப்பா மடியில் அவள். இன்ஜினை அணைத்துவிட்டு அப்பா சொல்கிறார், 'சாவி போடுத எடத்துல வையி மொதல்ல. உசிரு அங்கதாம்ட்டி இருக்கு. வைக்கும்போது ஓடக் கூடாது. வச்சிட்டு நீயே ஸ்டார்ட் பண்ணு.' சின்ன விரலால் சாவித்துவாரத்தைச் சுற்றிச் சந்தனம். அப்புறம் அப்பாவின் கைக்குள் அவள் கை, சாவியைத் திருப்பினதும் உடம்பெல்லாம் குலுங்கிக்கொண்டு பஸ் உறுமியது. வருஷா வருஷம் அப்படித்தான். ஸ்கூட்டி வாங்கினபோதும் அப்படித்தான். இன்குபேட்டரில் வைத்தாள், பெட்டியில் வைத்தாள், மைக்ராஸ்கோப்பில் வைத்தாள், அப்புறம் போன் வரவில்லை. அப்புறம் பம்ப்பிடம் வந்தாள். கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வைக்கும்போது ஓடக் கூடாது. ஒரு நொடிதானே. இடது கையால் தட்டினாள், சத்தம் நின்றது, சுவிட்சின் மேல் மூன்று விரலால் ஒரு இழுப்பு, நடுவில் குங்குமம். அப்புறம்தான் போன் வந்தது. 'ஏட்டி, அப்பாக்கு நெஞ்சுல என்னமோ செய்யுதுங்காவ.' காலையில் சுவிட்சைத் தட்டியபோது அந்தச் சந்தனம் முழுசாக, விரிசல் இல்லாமல், சுவிட்சையும் பெட்டியையும் சேர்த்து ஒட்டிக் காய்ந்திருந்தது. வைத்ததற்கு அப்புறம் யாரும் அதைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் அப்போதே உடைந்திருக்கும். அவள் விரலில்தான் உடைந்தது.

நாசமாய்ப் போக. யாரை. நயினாரைத் திட்ட முடியாது. அப்பாவைத் திட்டிப் பார்த்தாள். உசிரு அங்கதான் இருக்கு என்று ஏன் சொல்லிக்கொடுத்தீர்கள், ஏழு வடையை ஏன் தின்றீர்கள். திட்டு பாதியில் நின்றுவிட்டது. இருதயக் குழாயின் ஓட்டத்தைப் பற்றி ஐந்து வருஷம் படித்தவள், ஒரு இருதயத்தைத் தன் கையால் நிறுத்தி, அதற்குப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதை எந்தக் கமிட்டியில் போய்ச் சொல்வது. சொல்லாமல் இருந்தால் என்ன. யாருக்குத் தெரியும். சந்தனம் உதிர்ந்துவிட்டது, கோட்டைத் துவைத்தால் போயிற்று. ஆறு மாசம் கிடைக்கும். நயினாருக்கு வேறு எங்காவது வேலை கிடைக்காதா. ஐம்பத்திரண்டு வயசில் எங்கே கிடைக்கும். தான் இப்படி யோசிப்பதைத் தானே கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குக் குமட்டியது. அதைவிடக் குமட்டியது இன்னொன்று, காலையில் வராந்தாவில் கத்திக்கொண்டிருந்தபோதே, அடிவயிற்றில் எங்கோ ஒரு மூலையில், இது அவன் இல்லை என்று தெரிந்திருந்ததோ என்பது. இல்லாவிட்டால் அவ்வளவு சத்தம் எதற்கு. பத்து இருபது. புள்ளியைக் கூட்ட மறந்துவிட்டாள். கூட்டினாள். பம்ப்பு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வெளி லேபில் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே ரப்பர் செருப்பின் சத்தம். ஆவுடை எழுந்து வந்தாள். நயினார் வேர்த்து ஒழுக நின்றிருந்தான், கையில் ஐஸ் பெட்டி. காலையில் திட்டு வாங்கிவிட்டு அந்தப் பெட்டியோடு அவன் எங்கே போனான் என்று அவள் யோசிக்கவே இல்லை. மேடம் நாற்காலியில் உட்காரவில்லை. 'யாரக் கேட்டு உள்ள போயிப் பம்ப்ப நிறுத்தினீரு நயினார். பதினோரு வருஷத்துல இதக்கூடப் படிக்கலையா.'  அவன் ஆவுடையைப் பார்க்கவில்லை. பெட்டியின் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். 'அவரு இல்ல மேடம்' என்றாள் ஆவுடை. 'நான்தான் நிறுத்தினேன். பொட்டு வைக்கதுக்கு நிறுத்துனேன். போன் வந்துது, திரும்பப் போடாம போயிட்டேன்.' மேடம் அவளையே பார்த்தார். 'காலைல அவன்னு சொன்னியே.' 'சொன்னேன். பொய்யாப் போச்சு.' 'அப்போ கமிட்டியில நான் ஒண்ணும் கேக்க முடியாது, தெரியும்லா. மார்ச்சுக்குள்ள முடிச்சாத்தான் உண்டு.' 'தெரியும் மேடம்.' மேடத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, கைப்பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

'அண்ணாச்சி' என்றாள்.  நயினார் பெட்டியை மேசைமேல் வைத்தார். 'ஆம்பளப் புள்ள. எட்டு அம்பதுக்குப் பொறந்துது. கொடி நல்ல நீளம். சீக்கிரம் எடுத்துருங்க, நேரமாவுது' என்றார். எப்போதும் சொல்கிற விவரம்தான், குரலில் மட்டும் எப்போதும் இருக்கிற இதம் இல்லை. 'அண்ணாச்சி, நான் தெரியாம...' 'மேடத்துக்கிட்ட சொல்லிட்டீய. சரி.' கைலேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தார். கோபம்தான், அவள் கோபத்தைவிடப் பழைய கோபம். 'காலைல வராந்தால வச்சுல்லா கேட்டீய. அங்க நின்னவங்ககிட்ட யாரு சொல்லுவா.' அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். பனிக்கட்டி நடுவே, பையில், வெளுத்த நீலத்தில் சுருண்டு கிடந்தது. இன்னும் ஒன்றேகால் மணி நேரம் தாங்கும். மூடிவிட்டு வராந்தாவுக்குப் போனாள். டீ நேரம், எல்லாரும் இருந்தார்கள். சரோஜினி டம்ளரோடு சன்னலோரம் நின்றாள், பக்கத்து லேப் பிள்ளைகள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், மாடிப்படி அடியில் வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். 'பம்ப்ப நிறுத்தினது நயினார் அண்ணாச்சி இல்ல. நான்தான்' என்றாள். பக்கத்தில் நின்ற சரோஜினி மட்டும் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளின் சிரிப்பு நிற்கவில்லை, வாட்ச்மேன் தலையைத் தூக்கவில்லை. காலையில் அத்தனை பேருக்கும் ஒரே தடவையில் கேட்டது. ஆவுடை தொண்டையைச் செருமிக்கொண்டு, மாடிப்படி அடி வரைக்கும் கேட்கிற மாதிரி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.